பெண் காலுக்கு யார் அளவெடுத்தார்கள்?

2019-இல் பிரான்சில் நடந்த பெண்கள் ஃபுட்பால் உலகக் கோப்பையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெனால்டியில் கோல் போட்டதும் பிரேசிலின் மார்த்தா தன் ஷூவைத்தான் கைகாட்டினார். அந்த ஷூவில் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இல்லை. நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் ஒரு சமக்குறி மட்டும் இருந்தது. பழைய விளம்பர ஒப்பந்தம் முடிந்திருந்தது. புதிதாகக் கேட்டு வந்தவர்கள் தருவதாகச் சொன்ன தொகை, ஆண் ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதற்குக் கிட்டவே வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முத்திரை இல்லாமலே களத்துக்கு வந்தார். அதே தொடரில் இத்தாலிக்கு எதிராக அவர் அடித்தது உலகக் கோப்பைகளில் அவருடைய 17-ஆவது கோல். அன்றைக்கு ஆண்களிலும் சரி, பெண்களிலும் சரி, அத்தனை கோல் அடித்தவர் வேறு யாரும் இல்லை.

கோலைவிட அந்த ஷூதான் என் மனதில் நின்றது. காரணம் என் வேலை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், புது மாடல்களை முதலில் செய்து பார்க்கும் சாம்பிள் ரூமில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் இது ஒன்றும் புதிய வேலை இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது ஒன்றாக இருந்து, இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கும் ஊர்களில், மேல்விஷாரத்திலிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோலும் ஷூவும்தான் பிழைப்பு. விடியற்காலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வரும். ஏறுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்து, அப்பர் என்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவர்கள்தான். தைத்தது ஐரோப்பாவுக்குப் போகும்.

ஷூ செய்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் லாஸ்ட். கால் வடிவத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்த அச்சு அது. அப்பரை அதன்மேல் இழுத்துப் பிடித்துத்தான் ஷூவுக்கு உருவம் வருகிறது. லாஸ்ட் யாருடைய காலை வைத்துச் செய்யப்பட்டதோ, ஷூவும் அந்தக் காலுக்குத்தான் பொருந்தும். மேலே தோல் எவ்வளவு உயர்த்தியாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

ஃபுட்பால் ஷூவுக்குக் காலங்காலமாக ஆண் கால் லாஸ்ட்தான். பெண்களுக்கு வேண்டும் என்றால் அதையே சின்ன சைஸுக்குக் குறைத்து, நிறத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பெண் கால் என்பது சின்ன ஆண் கால் கிடையாது. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுங்கி இருக்கும். பாத வளைவு வேறு மாதிரி இருக்கும். நீளத்தை மட்டும் குறைத்தால் முன்னால் பிடிக்கும், பின்னால் கழலும்.

என் அக்கா மகள் வேலூரில் படிக்கிறாள். பள்ளி டீமில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரி. புது ஷூ வாங்கிய சில நாளிலேயே புலம்ப ஆரம்பித்தாள்.

"இன்னா சித்தி இது, ஓடும்போது குதிகால் மட்டும் ஷூவை விட்டு வெளிய வருது."

"ரெண்டு சாக்ஸ் போட்டுப் பார்த்தியா?"

"ரெண்டு போட்டா முன்னாடி விரல் நசுங்குது."

பெண் காலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. ஷூ பையன்கள் சைஸில் 5. அவள் கால் அளவுக்கு 4 போதும். ஏன் பெரிதாக வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு அக்கா சொன்னாள்: "வளர்ற பொண்ணு. ஒரு சைஸ் பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் வரும்ல?"

எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு இது. பாவாடை சட்டைக்குச் சரி. ஷூவுக்கு ஒரு சைஸ் என்றால் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது கால் அந்த இடைவெளியில் முன்னால் போய் நகம் இடிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியர்களுக்கென்றே காலணி அளவு முறை கொண்டுவருவதற்காக நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. நம் கால் ஐரோப்பியர் காலைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அகலம் போதாததால்தான் நாம் தேவைக்கு மேல் நீளமான ஷூவை வாங்கி மாட்டிக்கொள்கிறோம். சராசரியாகப் பெண் பிள்ளையின் கால் வளர்ச்சி 11 வயதில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, பையன்களுக்கு 15, 16 ஆகிறது என்பதும் அந்த ஆய்வில் வந்தது. எங்கள் பெண்ணுக்கு 14 வயது. வளரும் என்று நாங்கள் விட்ட இடம், அவள் பிராக்டீஸுக்குப் போகிற நாளெல்லாம் அவளைக் காயப்படுத்திக்கொண்டிருந்தது.

பெண்கள் உலகக் கோப்பையின் கதையைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். படிக்கப் படிக்க, ஷூவில் நான் பார்த்தது எல்லா இடத்திலும் இருந்தது. ஆண்களுக்கு என்று செய்ததைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் குறைத்துப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபா நடத்திய முதல் பெண்கள் உலகப் போட்டி 1991 நவம்பரில் சீனாவில். 12 அணிகள். அதற்கு உலகக் கோப்பை என்று பெயர் வைக்கவே தயங்கி, ஒரு மிட்டாயின் பெயரைக் கோப்பைக்குச் சூட்டினார்கள். ஆட்டம் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம். பெண்களால் முழு நேரம் ஓட முடியாது என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் மிஷேல் ஏக்கர்ஸ் அடித்தது. அந்தத் தொடரில் அவர் ஒருவரே 10 கோல்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1989-இல், மேற்கு ஜெர்மனிப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். அவர்களுடைய ஃபுட்பால் சங்கம் அதற்குப் பரிசாகக் கொடுத்தது ஆளுக்கு ஒரு காபி செட். கப், சாஸர், ஜாடி. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெயித்துவிட்டு வந்தவளிடம், நீ போக வேண்டிய இடம் சமையலறைதான் என்று பீங்கானில் எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

இதெல்லாம் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லாத காலம் என்று நினைக்க வேண்டாம். 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. தடை போக ஐம்பது வருடம் ஆனது. 1971-இல் மெக்சிகோவில், ஃபிஃபாவின் அங்கீகாரம் இல்லாமலே ஒரு பெண்கள் உலகப் போட்டி நடந்தது. அஸ்டெகா மைதானத்தில் இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். டென்மார்க் மெக்சிகோவை 3-0 என்று தோற்கடித்தது. மூன்று கோலும் சூசன் ஆகஸ்டெசன் என்ற 15 வயதுப் பெண் அடித்தது. எங்கள் பெண்ணைவிட ஒரு வயது பெரியவள். இத்தனை நடந்த பிறகும் இருபது வருடம் காத்திருக்க வைத்துவிட்டு, 80 நிமிடம்தான் ஆடலாம் என்றார்கள்.

2015-இல் கனடாவில் நடந்த உலகக் கோப்பை முழுக்கச் செயற்கைப் புல் தரையில். ஆண்கள் உலகக் கோப்பையை அப்படி ஒருநாளும் நடத்தியதில்லை. வெயிலில் அந்தத் தரை கொதிக்கும், விழுந்தால் தோல் வழண்டுவிடும் என்று அமெரிக்காவின் அபி வாம்பாக் உள்படப் பலர் வழக்கே போட்டார்கள். பலன் இல்லாமல் திரும்பப் பெற்றார்கள். வேலூர் மே மாத வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டைத் தாண்டிய யாருக்கும் அந்தப் பெண்கள் எதைக் கேட்டார்கள் என்று புரியும்.

2023-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நடத்திய உலகக் கோப்பைக்குள் நிறைய மாறியிருந்தது. 32 அணிகள். மொத்தப் பரிசுத் தொகை 11 கோடி டாலர். முந்தைய வருடம் ஆண்களுக்குக் கொடுத்தது 44 கோடி டாலர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தொடர் தொடங்கும் முன்பே பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வெளியே நின்றார்கள். இங்கிலாந்தின் பெத் மீட், கேப்டன் லியா வில்லியம்சன், நெதர்லாந்தின் விவியன் மீடமா, அமெரிக்காவின் கத்தரினா மகாரியோ. எல்லோருக்கும் ஒரே காயம். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. ஒருமுறை கிழிந்தால் ஆபரேஷன், அப்புறம் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று ஓடிவிடும். பெண் ஆட்டக்காரர்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்காவது அதிகம் வருகிறது. இதற்கு ஷூ மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இடுப்பு, முழங்கால் அமைப்பு, தசை பலம், ஆட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் ஓய்வு, தரை என்று பல உண்டு. ஆனால் ஷூவின் அடியில் முளை முளையாக இருக்கும் ஸ்டட் தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு நேராக முழங்காலுக்குத்தான் போகும். ஆணின் எடைக்கும் வேகத்துக்கும் கணக்குப் போட்ட ஸ்டட்டை அவனைவிட எடை குறைந்த பெண்ணுக்கு அப்படியே கொடுப்பது எப்படிச் சரியாகும்?

ஐரோப்பிய கிளப்புகளின் சங்கம் தங்கள் பெண் ஆட்டக்காரர்களிடம் கேட்டுப் பார்த்ததில், நூற்றுக்கு 82 பேர் ஷூ தொந்தரவு செய்கிறது என்றார்கள். இவர்கள் உலகத்தின் உச்சத்தில் ஆடுகிறவர்கள். அவர்களுக்கே குதிகால் கழன்றால், வேலூர் பள்ளிப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? பெண் காலை அளந்து அதற்கென்றே லாஸ்ட் செய்து, எளிதாகத் திரும்ப வட்டமாக ஸ்டட் அமைத்து நைக்கி ஒரு ஷூவை வெளியிட்டது 2023 தொடருக்குச் சற்று முன்னால்தான். முதல் உலகக் கோப்பை நடந்து 32 வருடம் கழித்து.

அதே வருடம் இங்கிலாந்துப் பெண்கள் வெள்ளை நிக்கரை விட்டு நீல நிக்கருக்கு மாறினார்கள். மாதவிலக்கு நாளில் வெள்ளையில் ஆட பயமாக இருக்கிறது என்று அவர்கள் வாய் திறந்து கேட்டதன் பலன். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "கேட்டா மாத்துவாங்களா சித்தி?" என்றாள். மறுநாளே பி.டி. மிஸ்ஸிடம் போய்ப் பேசியிருக்கிறாள். எங்கள் பிள்ளைகளின் நிக்கர் இப்போது கருநீலம்.

எங்கள் லைனில் மேல்விஷாரத்துக்காரத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஃபுட்பால் பிடிக்காது. ஆனால் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் போட்டுக்கொண்டு ஆடுகிற வீடியோவைக் காட்டியதும் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் உலகக் கோப்பையில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் அவர்தான். 2011-இல் இதே காரணத்துக்காக ஈரான் பெண்களை ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் களத்திலேயே நிறுத்தி அனுப்பியிருந்தார்கள். 2014-இல்தான் தடை நீங்கியது. 2023 தொடரில் மொராக்கோ முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6-0 என்று தோற்று, அடுத்த இரண்டையும் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது. ஜெர்மனி வீட்டுக்குப் போனது. "என் பொண்ணையும் அனுப்பலாம் போல இருக்கே அக்கா" என்றாள் தங்கை. அவள் மகளுக்கு ஏழு வயது.

அந்தத் தொடரில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் மோதிய இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு மதியம் மூன்றரை மணி. அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். 29-ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் ஓல்கா கார்மோனா இடப்பக்கம் ஓடிவந்து, இடது காலால் தரையோடு தரையாக எதிர் மூலைக்கு அடித்தார். அவரும் லெஃப்ட் பேக். எங்கள் வீட்டு லெஃப்ட் பேக் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா என்னமோ ஏதோ என்று வந்துவிட்டார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. தன் அப்பா இறந்துபோன செய்தியை கார்மோனாவுக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

அன்றைக்கு இங்கிலாந்து கோல் கீப்பர் மேரி ஏர்ப்ஸ் ஒரு பெனால்டியைத் தடுத்தார். தொடரின் சிறந்த கோல் கீப்பர் விருதும் அவருக்குத்தான். ஆனால் அவர் போட்டிருந்த ஜெர்சியைக் கடையில் வாங்க முடியாது. மற்றவர்களுடையதை விற்ற கம்பெனி, பெண் கோல் கீப்பருடையதை விற்பனைக்கே செய்யவில்லை. ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்ட பிறகுதான் இறங்கி வந்தது.

அப்புறம் பதக்கம் கொடுக்கும் மேடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஸ்பெயின் ஃபுட்பால் சங்கத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், தங்கள் ஆட்டக்காரர் ஜெனி ஹெர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனியில் ஃபுட்பாலே தெரியாத பெண்கள்கூட அதைத்தான் பேசினார்கள். "கப்பு வாங்கின அன்னிக்குமா?" என்று ஒரு அம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ரூபியாலெஸ் பதவி விலக வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

நம் அணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. ஆனால் 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதி வரை போனார்கள். 1983-இலும் இரண்டாம் இடம். அப்படி இருந்த அணி எப்படித் தேய்ந்தது என்பது தனிக் கதை. 2022-இல் நம் நாட்டிலேயே ஆசியக் கோப்பை நடந்தபோது அணிக்குள் கொரோனா புகுந்து, ஆளில்லாமல் பாதியில் விலகினோம். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங்மாயில் சங்கீதா பாஸ்போர் அடித்த இரண்டு கோலால் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை 2018-இலும் 2023-இலும் வென்றார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தவர். திறமை இல்லாத மாநிலம் இல்லை இது.

அக்கா மகளின் ஷூவுக்கு என்ன செய்தேன் என்றால், சூப்பர்வைசரிடம் கேட்டு கழிவில் கிடந்த மெல்லிய ஃபோம் கொஞ்சம் வாங்கினேன். குதிகால் பக்கத்தில் உள்ளே இரண்டு ஓரத்திலும் சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே லைனிங் தோல் வைத்து மூடினேன். கழல்வது நின்றது. நகம் இடிப்பது நிற்கவில்லை. நீளத்தைக் குறைக்க எனக்கு வழி இல்லை. கடைசியில் சரியான சைஸில் வேறு ஷூ வாங்கினோம். இந்த முறை நீண்ட ஸ்டட் வைத்தது வேண்டாம் என்று சொல்லி, அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூ. நம் கிரவுண்டுகள் பெரும்பாலும் காய்ந்து இறுகிய மண். புல்தரைக்குச் செய்த ஸ்டட் அதில் இறங்காது, பாதத்தில்தான் குத்தும். வாங்கப் போகிறவர்கள் சாயங்காலமாகப் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். ஆட்டத்துக்குப் போடுகிற சாக்ஸையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடையிலேயே நுனிக்காலில் நிற்கச் சொல்லி, குதிகால் எழும்புகிறதா என்று கையால் பிடித்துப் பாருங்கள்.

பெண் லாஸ்டில் நாமே செய்யலாமே என்று கம்பெனியில் கேட்டேன். திட்டவில்லை, பொறுமையாகக் கணக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு சைஸுக்கும் லாஸ்ட் தனி. சோல் வார்க்கும் மோல்டும் சைஸ் வாரியாகத் தனி, அதுவும் இடது வலது என்று ஜோடியாக. ஆயிரக்கணக்கில் ஆர்டர் இல்லாமல் அதற்குப் போட்ட பணம் திரும்பாது. கடைக்காரர் ஒவ்வொரு ஜோடியாக வாங்கினால் அந்த ஆர்டர் ஒருநாளும் சேராது. ஆனால் மொத்தமாக வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். விளையாட்டு விடுதிகளும் பயிற்சி மையங்களும் நடத்துகிற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். பெண் அணிகளுக்கு ஷூ வாங்கும் டெண்டரில், பெண் கால் அளவில் செய்த லாஸ்டில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், செய்து கொடுக்க எங்கள் பக்கத்துக் கம்பெனிகளால் முடியும்.

அதற்காக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பி.டி. மிஸ்ஸின் அனுமதியோடு, டீம் பிள்ளைகள் எல்லோரையும் சார்ட் பேப்பரில் நிற்க வைத்துக் காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து எடுத்திருக்கிறேன். அக்கா மகளுக்கு இருந்த அதே கதைதான் பெரும்பாலானவர்களுக்கும். ஒரு பள்ளி அளவு போதாது. குடியாத்தம், ஆற்காடு, காட்பாடி, அணைக்கட்டு என்று மற்ற ஊர் பி.டி. ஆசிரியர்களும் எடுத்துத் தந்தால் சேர்த்து அனுப்பலாம். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். வயது, பாத நீளம், முன்பாதத்தின் அகலமான இடத்தின் அளவு, குதிகால் அகலம், இப்போது போட்டிருக்கும் ஷூவின் சைஸ். இவ்வளவு இருந்தால் போதும்.